தாண்டிப் படித்த பேர்

மாம்பலம்
12-7-1936

நைனாவுக்கு மண்ணாங்கட்டி எழுதுவது.

என் உடம்பு நன்றாக இருக்கிறது. மதகடியில் ஈரத்தில் நிற்காமல் இருந்தால் உங்கள் உடம்பும் நன்றாக இருக்கும். தபாலாபீஸ் வாசலில் உட்காரும் ஸ்ரீரங்கன் சாமி இதை உங்களுக்கு நிதானமாகப் படித்துக் காட்ட வேண்டும். போன கடுதாசியைத் தபால் வண்டி வருவதற்குள் படித்து முடித்துவிட்டார் என்று குறைப்பட்டுக்கொண்டீர்களே, அதனால் சொல்கிறேன்.

நாடகக் கம்பெனியை விட்டுவிட்டேன். சண்டை எதுவும் இல்லை. நாங்கள் மைலாப்பூரில் ஆடிய நாடகத்துக்கு அடையாற்று டாக்கி கம்பெனி முதலாளி வந்திருந்தார். என் பாட்டைக் கேட்டுவிட்டு மறுநாளே ஆள் அனுப்பினார். ஒப்பந்தம் எழுதியாகிவிட்டது. இப்போது மாம்பலத்தில் அஸ்மத்துன்னிசா என்கிற அம்மாளின் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். தனியாள், நல்ல மனுஷி. நான் வருகிறவரைக்கும் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பாள். வந்ததும், "இத்தினி நேரமா ஆடுறீங்க? கால் வலிக்காதா பேட்டீ?" என்று திட்டுவாள். பேட்டீ என்றால் அவள் பாஷையில் மகள்.

டாக்கி எடுப்பதை நீங்கள் பார்த்தால் சிரிப்பீர்கள். ஆற்றங்கரையில் பெரிய பங்களா. தோப்பில் ராஜாவும் ராணியும் நின்று பாடுவோம். நடுவே ஒரு காக்கை கத்தினால் போதும், எல்லாவற்றையும் நிறுத்தி முதலிலிருந்து பாட வேண்டும். காக்கை ஓட்டுவதற்கென்றே சம்பளத்துக்கு ஒரு ஆள் வைத்திருக்கிறார்கள். எங்கள் எல்லோரையும்விட அவன்தான் அதிகம் ஓடுகிறான்.

நீங்கள் கட்டாயம் பட்டணம் வரவேண்டும். தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயில் ஏறினால் மாம்பலம். அதற்குப் புகையே கிடையாது. சாந்தோமில் சமுத்திரம் காட்டுகிறேன். உங்கள் ஏரியைப்போல அதற்கு மதகு கிடையாது, நீங்கள் நிம்மதியாக உட்காரலாம்.

இன்னொன்று. மண்ணாங்கட்டி என்று விளம்பரத் தட்டியில் எழுதினால் ஜனங்கள் வரமாட்டார்கள் என்கிறார் முதலாளி. எனக்கு இந்துபாஷிணி என்று பேர் வைத்திருக்கிறார். இங்கே எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். நீங்களும் உறையின்மேல் இந்துபாஷிணி என்றே எழுதச் சொல்லுங்கள்.

தீபாவளிக்குப் படம் வந்துவிடும். நைனா, எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. உங்களுக்கும் இருக்க வேண்டும்.

உங்கள் மகள்


மதுராந்தகம்
20-7-1936

மகள் மண்ணாங்கட்டிக்கு நைனா பொன்னுரங்கம் சொல்ல, ஸ்ரீரங்கன் சாமி எழுதியது.

முதலில் கார்டுதான் வாங்கினேன். நான் சொல்ல ஆரம்பித்ததும் சாமி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "பொன்னுரங்கம், இத்தனை கோபம் கார்டுல அடங்காது. கவரா வாங்கிண்டு வா" என்றார். வாங்கியிருக்கிறேன்.

நாடகத்துக்குப் போனாய், ஒன்றும் சொன்னேனா? ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். என் மகள் பாடுகிறாள், உனக்குப் பாட வருமா என்று கேட்டு வாயை அடைத்தேன். டாக்கிக்கும் போ. பேரை ஏன் கொடுத்தாய்?

உனக்கு முன்னால் பிறந்தவர்களுக்கு உன் அம்மா ஆசை ஆசையாகப் பேர் வைத்தாள். மூத்தவள் சௌந்தரவல்லி, நடக்கக்கூட ஆரம்பிக்கவில்லை. அடுத்தவன் ராஜரத்தினம், அம்மை வார்த்துப் போனான். அப்புறம் பூங்காவனம். அவள் சிரித்தால் கன்னத்தில் குழி விழும், தெருவே வந்து பார்த்துவிட்டுப் போகும். ஒரு ராத்திரிக் காய்ச்சலில் போய்விட்டாள். லோகநாயகிக்குப் பேர் வைத்த அன்றைக்கே பால் குடிக்கவில்லை. அழகான பேர் வைத்தது ஒன்றும் நமக்குத் தங்கவில்லை அம்மாடி. அழகான பேரைக் கேட்டால் ஊர்க்கண் திரும்பிப் பார்க்கிறது.

நீ பிறந்ததும் உன் அம்மா உன்னைப் பார்க்கவே இல்லை. முகத்தை மூடிக்கொண்டு, "குப்பையில போட்டுட்டு வாங்க" என்றாள். பிள்ளை தங்காத வீட்டில் செய்கிற முறையைத்தான் சொன்னாள். நான்தான் கொண்டுபோய்க் குப்பைமேட்டில் கிடத்தினேன். எண்ணெய் விற்கும் ஜைதூன் பீ பேசிவைத்தபடி வந்து, "அய்யோ, யாரோ பெத்துப் போட்டுட்டுப் போன புள்ள" என்று கத்திக்கொண்டே உன்னைத் தூக்கினாள். நம் வீட்டு வாசலுக்கு வந்து, "புள்ள வேணுமாம்மா, புள்ள" என்று கூவினாள். உன் அம்மா ஒரு முறம் தவிட்டைக் கொடுத்து உன்னை வாங்கினாள். அன்றைக்கே வலது மூக்கைக் குத்தி, மண்ணாங்கட்டி என்று பேர் வைத்தோம். சீ, இதை எவன் பார்ப்பான் என்று கண் தாண்டிப் போய்விட்டது. நீ தங்கினாய். உன் அம்மா போகும்போதுகூட, "பேர மாத்திடாதீங்க" என்றுதான் சொல்லிவிட்டுப் போனாள்.

இப்போது நீ பார்ப்பது ஊரே உட்கார்ந்து கண் வைக்கிற வேலை. அதற்கு இந்தப் பேர் இன்னும் இறுக்கமாக வேண்டாமா?

சாமியிடம் சொல்லிவிட்டேன். உன் கடுதாசியில் அந்தப் பேர் எங்கே வந்தாலும் தாண்டிப் படிக்க வேண்டும். போன கடுதாசியில் ஒரு தரம் காதில் விழுந்தது, அதை நான் மனதில் வாங்கவில்லை. மற்றதெல்லாம் நீ எழுதின வரிசைப்படி எனக்கு மனப்பாடம். காக்கை ஓட்டுகிறவனுக்கு என்ன சம்பளம்?

உறையின்மேல் அந்த அம்மாள் அஸ்மத்துன்னிசா பேரைப் போட்டிருக்கிறேன்.


மாம்பலம்
9-8-1936

நைனாவுக்கு,

நீங்கள் எழுதியதை மூன்று நாள் வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு முதலாளியிடம் போய் நின்றேன். அவர் கெட்டவர் இல்லை. "அம்மா, உங்க அப்பா சொல்றது எனக்குப் புரியுது. எங்க வீட்டுலயும் குப்பம்மான்னு ஒரு அத்தை இருக்கா. ஆனா தட்டி எழுத, பாட்டுப் புஸ்தகம் அச்சடிக்க எல்லாத்துக்கும் கொடுத்தாச்சே" என்றார். நான் என்ன செய்ய?

நைனா, நாடகத்தில் நான் சந்திரமதியாகவும் வள்ளியாகவும் நின்றபோது உங்களுக்குக் கோபம் வரவில்லை. இதுவும் ஒரு வேஷம். சாயங்காலம் கலைத்துவிடுகிறேன். அஸ்மத் அக்காவிடம் சொல்லி, வீட்டுக்குள் என்னை மண்ணாங்கட்டி என்றுதான் கூப்பிட வைத்திருக்கிறேன். அவளுக்கு அது வாயில் நுழையாமல், "மண்ணூ" என்கிறாள்.

காக்கைக்காரனுக்கு என்ன சம்பளம் என்று தெரியாது. கேட்டால் கோபித்துக்கொள்கிறான்.

ஒரு வாரமாகக் கண் எரிச்சல். பெரிய ஆர்க் விளக்குகளை முகத்துக்கு நேரே வைக்கிறார்கள். எல்லோருக்கும் இப்படித்தானாம். ராஜாவாக நடிப்பவர் கிரீடத்தோடு உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். எனக்குக் கொஞ்சம் அதிகம், இரண்டு நாள் கண்ணே திறக்கவில்லை. அக்கா வெள்ளரிக்காயை அரிந்து கட்டினாள். இதை எழுதாமல் விட்டிருக்கலாம். எழுதாமல் விட்டு, அது வேறு யார் வழியாகவாவது தெரிந்தால் நீங்கள் இன்னும் பயப்படுவீர்கள்.

ஸ்ரீரங்கன் சாமிக்கு ஒரு வேண்டுகோள். இந்தக் கடைசி வரியை மட்டும் தாண்டாதீர்கள்: இந்துபாஷிணி என்பதும் உங்கள் மகள்தான், நைனா.


மதுராந்தகம்
17-8-1936

மண்ணாங்கட்டிக்கு,

சாமி கடைசி வரியைப் படிக்கவில்லை. வாயைத் திறந்தார், என் முகத்தைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நானும் கேட்கவில்லை.

கண் எரிச்சல் என்றா எழுதுகிறாய்? கண்ணில்தானா வந்து விழ வேண்டும்! விளக்கு என்பாய் நீ. விளக்குப் பக்கத்தில் நிற்கிற மற்றவன் எல்லாம் ஒரு நாள் அழுதான், உனக்கு மட்டும் ஏன் இரண்டு நாள் திறக்கவில்லை?

வேறு ஒன்றும் சொல்வதற்கில்லை. விளக்கெண்ணெய் விட்டுக்கொள். உச்சி வெயிலில் போகாதே.


மாம்பலம்
24-9-1936

நைனா,

இப்படிச் செய்யலாமா?

நான் ஒரு வாரமாக அடையாற்று பங்களாவிலேயே தங்கி நடித்துக்கொண்டிருந்தேன். நேற்றுதான் வீட்டுக்கு அழைத்துப்போக ஜட்காக்கார ஷரீஃப் வந்தான். எங்கள் கம்பெனிக்கு வாடிக்கையாக ஓட்டுகிறவன். வண்டியில் ஏறினதும், "அம்மா, போன வாரம் ஒரு பெருசு வந்துச்சும்மா. மண்ணாங்கட்டி வேணும், மண்ணாங்கட்டி வேணும்னு ஒரே அழும்பு. கேட்ல உட மாட்டேன்ட்டான்" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். நான் வண்டியை நிறுத்தச் சொன்னேன். அவர் எப்படி இருந்தார் என்று கேட்டேன். "இடது காலு கொஞ்சம் சாச்சி சாச்சி நடக்கும்" என்றான். அப்புறம் அவன் சிரிக்கவில்லை.

திரும்பிப் போய்க் கேட்டில் கேட்டேன். காவல்காரன் மூலையிலிருந்து ஒரு மூட்டையை எடுத்துக் கொடுத்தான். கேழ்வரகு அடை காய்ந்து கல்லாகியிருந்தது. அடியில் ஒரு முடிச்சுத் தவிடு. நைனா, அந்தத் தவிட்டை மடியில் வைத்துக்கொண்டு வீடு வரைக்கும் வந்தேன்.

நீங்கள் கேட்டுக்கு வெளியே நின்றபோது நான் உள்ளே மாமரத்தடியில் உட்கார்ந்து தலைக்குப் பூ வைத்துக்கொண்டிருந்திருப்பேன். கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும். அஸ்மத் அக்கா அந்த வாரம் கல்யாணத்துக்கு வாலாஜா போயிருந்தாள், இல்லாவிட்டால் வீட்டிலாவது உங்களை உட்கார வைத்திருப்பாள்.

பேர் தெரியவில்லை என்றால் சாமியிடம் கேட்டுக்கொண்டு வந்திருக்கக் கூடாதா? ஷரீஃப் இன்னும் ஏதோ சொல்ல வந்தான், பிறகு, "அத்த உங்க நைனாவயே கேட்டுக்கோம்மா" என்று விட்டுவிட்டான். என்ன அது?

கண் இப்போது தேவலை.


மதுராந்தகம்
3-10-1936

அம்மாடி மண்ணாங்கட்டிக்கு,

கேட்டாய், சொல்கிறேன். மழைக்கு முன்னால் வந்தால்தான் உண்டு. மழை பிடித்துவிட்டால் மதகு திறந்து மூடுகிற இந்த நீர்க்கட்டியை ஏரி எங்கேயும் விடாது. மதகுச் சாவியைப் பக்கத்து மடைக்காரனிடம் கொடுத்துவிட்டு ரயில் ஏறினேன்.

நீ எழுதினது சரிதான், அந்த மின்சார ரயிலுக்குப் புகை இல்லை. அது நின்றபோது இறங்கப் பயமாக இருந்தது. மாம்பலத்தில் உன் வீடு பூட்டியிருந்தது. எதிரே சோடாக் கடைக்காரனிடம் மண்ணாங்கட்டி எங்கே என்று கேட்டேன். "இன்னா நைனா, வூடு கட்டவா? அதோ கீது பாரு குவியலு, அள்ளிக்கினு போ" என்றான். கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவன் மேல் கோபம் வரவில்லை. இந்தப் பேரைக் கேட்டு எல்லோரும் இப்படிச் சிரித்துவிட்டு வேறு பக்கம் பார்த்தால் போதுமே என்றுதானே வைத்தோம்.

அப்போதுதான் அந்த ஷரீஃப் வந்தான். வண்டியில் ஏற்றிக்கொண்டான். வழியெல்லாம் பேச்சு. "எத்தினி புள்ளைங்க பெருசு?" "ஒண்ணு." "டாக்கில கீதா? கொடுத்து வச்சவன்யா நீ." மைலாப்பூர் குளத்து மூலையில் மூங்கில் தட்டி ஒன்று ஆள் உயரத்துக்கு மூன்று மடங்கு நின்றது. போகும்போது அதன் முதுகுதான் எனக்குத் தெரிந்தது.

அடையாற்றில் கேட்காரன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "அந்தப் பேர்ல இங்க யாரும் இல்ல. வேற பேர் இருந்தா சொல்லு." வேறு பேர் எனக்குத் தெரியாதே. என் மகள் பாடுவாள் என்றேன். "இங்க எல்லாருந்தான் பாடறாங்க" என்றான். மூக்கு வலது பக்கம் குத்தியிருக்கும் என்றேன். நான் என்னமோ காணாமல் போன மாட்டுக்கு அடையாளம் சொல்கிற மாதிரி அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

திரும்பினோம். குளத்து மூலையில் வண்டி மெதுவாகப் போனது. தலையைத் தூக்கினேன். நீ.

மேலே இவ்வளவு பெரிய கண்ணோடு நீ உட்கார்ந்திருக்கிறாய். வலது மூக்கில் பொட்டு. கன்னத்தில் ஒரு குழி எழுதியிருக்கிறான். உனக்குக் குழி கிடையாது, அது பூங்காவனத்துக்கு. எழுதினவனுக்கு எப்படித் தெரியும்? வண்டியை நிறுத்தி இறங்கினேன். பூக்கடைக்காரி, கோயிலுக்குப் போகிறவர்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், எல்லோரும் அண்ணாந்து உன்னைப் பார்க்கிறார்கள். எத்தனை கண்! ஷரீஃபிடம், இது யார் என்று கேட்டேன். அவன் அந்தப் பேரைச் சொன்னான். இந்தத் தடவை காதை மூடிக்கொள்ள முடியவில்லை. இது என் மகள் என்றேன். என்னைப் பார்த்தான், தட்டியைப் பார்த்தான், அப்புறம் குதிரையைத் திருப்பினான். "ஏறு பெருசு. இந்தப் பேர சொல்லு, கேட்டு தானா தொறக்கும்."

மறுபடியும் கேட்டுக்கு வந்தேன். "இன்னா, பேர் தெரிஞ்சுதா?" என்றான் அவன்.

தெரிந்தது. நாக்கு நுனியில் இருந்தது. ஒரு சொல், சொன்னால் கதவு திறக்கும், உன்னைப் பார்த்துவிடலாம். உன் கண் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிடலாம். ஆனால் அதைச் சொல்லி உன்னைக் கேட்டுவிட்டால், நானே உன் பழைய பேரை அவிழ்த்துப் போட்டதாகிவிடும். உன் அம்மாவுக்கு என்ன பதில் சொல்வேன்? தெரியவில்லை ஐயா என்றேன். மூட்டையை அவனிடம் கொடுத்தேன். மண்ணாங்கட்டி என்று யாராவது வந்து கேட்டால் கொடு என்றேன்.

நீ என் மகள் என்றதை ஷரீஃப் நம்பினானோ இல்லையோ, ஸ்டேஷன் வரைக்கும் கொண்டுவந்து விட்டான். வாடகையும் வாங்கவில்லை.

இதை எழுதும்போது சாமி இரண்டு தரம் மூக்கை உறிஞ்சினார். ஜலதோஷமாம். "ஜலதோஷம்னே எழுதிடறேன்" என்கிறார்.

தவிட்டைக் கொட்டிவிடாதே. தலைமாட்டில் வை.


மாம்பலம்
18-11-1936

நைனாவுக்கு,

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

தீபாவளிக்கு முந்தின நாள். குளத்து மூலையில் அந்தத் தட்டிக்குக் கீழே என்னை நிறுத்தி, மாலை போட்டுப் படம் பிடிப்பதாக ஏற்பாடு. காலையிலிருந்து மழை. கொஞ்சம் விட்டதும் அடையாற்றிலிருந்து ஷரீஃப் வண்டியில் கிளம்பினேன். மந்தைவெளி தாண்டுகிற இடத்தில் சக்கரம் சேற்றில் இறங்கிவிட்டது. அவன் தள்ளுகிறான், திட்டுகிறான், குதிரையோடு சண்டை போடுகிறான், வண்டி அசையவே இல்லை. கடைசியில் நாலு பேர் வந்து தூக்கிவிட்டார்கள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தட்டி இல்லை. காற்று அடித்ததில் மூங்கில் முறிந்து, நான் நிற்கவேண்டிய இடத்தில் பந்தலின் மேல் விழுந்திருந்தது. நல்ல வேளை, மழைக்குப் பயந்து எல்லோரும் கடைக்குள் ஒதுங்கியிருந்தார்கள். யாருக்கும் காயம் இல்லை. ஆனால் என் முகம் நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் கிழிந்து, ஒரு பாதி குளத்தில் மிதந்துகொண்டிருந்தது. நைனா, என் கண்ணை நானே தண்ணீரில் பார்த்தேன்.

முதலாளிக்கு முகம் வெளுத்துப்போயிற்று. படம் என்னவோ நன்றாகத்தான் ஓடுகிறது. மூன்றாவது பாட்டுக்கு ஜனங்கள் கை தட்டுகிறார்கள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. நீங்கள் சொன்னதுதான் நடக்கிறதோ என்று தோன்றுகிறது. முதலில் கண், இப்போது முகம். அஸ்மத் அக்கா சாம்பிராணி போட்டு, தலைமாட்டில் இருந்த தவிட்டை எடுத்து எனக்குச் சுற்றி மறுபடி அங்கேயே வைத்தாள்.

ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். இந்தப் பேரை விட்டுவிடுகிறேன். பேர் போனால் வேலையும் போகும், போகட்டும். முதலாளி ஒப்பந்தத்தைக் காட்டினால் காலில் விழுகிறேன். பாடாமல் இருக்க முடியுமா என்று தெரியவில்லை, முயற்சி செய்கிறேன். நீங்கள் வா என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள், வந்துவிடுகிறேன்.

மண்ணாங்கட்டி


மதுராந்தகம்
30-11-1936

என் மகளுக்கு,

வராதே.

முதலில் அந்த ஒரு சொல்லை எழுதுங்கள் சாமி, மற்றது அப்புறம் என்றேன்.

ஏரி நிரம்பி, மிஞ்சின தண்ணீர் கலங்கல் வழியாகப் பாய்கிறது. பத்து நாளாகக் கரையிலேயே கிடந்தேன். உன் கடுதாசியைச் சாமி குடை பிடித்துக்கொண்டு கரைக்கே எடுத்து வந்து, நின்றபடியே படித்தார். சேற்றில் கால் வழுக்கி, "நாராயணா" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் விடவில்லை, அப்படியே படித்து முடித்தார்.

கேட்டுவிட்டு நான் அழுவேன் என்று நினைத்தார். நான் சிரித்தேன். மனுஷன் பயந்துபோய்விட்டார்.

அம்மாடி, நீ நன்றாக யோசித்துப் பார். தட்டி விழுந்தது. அது யார் முகம்? அந்தப் பேர்க்காரி முகம். கிழிந்தது யார்? அவள். குளத்தில் மிதந்தது யார்? அவள். அந்த நேரத்தில் என் மகள் எங்கே இருந்தாள்? மந்தைவெளிச் சேற்றில். மண்ணிலே சக்கரம் இறங்கி அவளைப் பிடித்து நிறுத்திவிட்டது. உனக்கு இது புரியவில்லையா? எனக்கே இவ்வளவு நாள் புரியவில்லையே.

ஒருத்தன் வீடு கட்டுகிறான். முன்னால் பூசணிக்காயில் கண்ணும் மீசையும் எழுதித் தொங்கவிடுகிறான். வருகிறவன் போகிறவன் எல்லாம் முதலில் அதைப் பார்க்கிறான். கண் அதன்மேல் விழுந்துவிடுகிறது, வீடு தப்பிக்கிறது. பூசணிக்காய் அழுகி விழுந்தால் வீட்டுக்காரன் அழுவானா? நல்லதாக இன்னொன்று வாங்கி மாட்டுவான். முதலாளியிடம் சொல், இன்னும் பெரிய தட்டியாக வைக்கச் சொல். கன்னத்தில் குழி நன்றாக எழுதட்டும். ஊரே அண்ணாந்து அவளைப் பார்க்கட்டும். பார்த்துக் கண் வைத்துவிட்டுப் போகட்டும். நீ அவளுக்குப் பின்னால் நின்று நிம்மதியாகப் பாடு.

உன் அம்மாவுக்கும் இன்றைக்கு ராத்திரி இதைச் சொல்லிவிடுவேன். அவள் ஒப்புக்கொள்வாள். பேரை மாற்றாதீர்கள் என்றுதானே சொன்னாள், நீ மாற்றவில்லை. மேலே ஒன்று போர்த்தியிருக்கிறாய், அவ்வளவுதான்.

இதெல்லாம் முடிந்ததும் சாமியிடம், பழைய கடுதாசிகளைக் கொண்டுவந்து நான் தாண்டச் சொன்ன இடங்களைப் படியுங்கள் என்றேன். "வேற வேலை இல்லையா எனக்கு?" என்று முனகிக்கொண்டே போய் எடுத்து வந்தார். ஆனி மாதத்துக் கடுதாசியிலிருந்து ஒவ்வொன்றாகப் படித்தார். ஆடியில் நீ எழுதின கடைசி வரிக்கு வந்தார். அதையும் தாண்டாமல் படித்தார்.

தெரியும் அம்மாடி. அதுவும் என் மகள்தான். கொஞ்சம் அடி தாங்குகிற மகள்.

உறையின்மேல் இன்றைக்கு அந்தப் பேரைத்தான் எழுதியிருக்கிறார். நான்தான் வாய்விட்டுச் சொன்னேன். இரண்டு தரம் நாக்குத் தடுக்கிற்று, மூன்றாவது தரம் வந்துவிட்டது.

தையில் அறுப்பு முடிந்ததும் வருகிறேன். ஷரீஃபை ஸ்டேஷனுக்கு வரச் சொல், இந்தத் தடவை வாடகை வாங்கிக்கொள்ள வேண்டும். கேட்காரனிடமும் சொல்லிவை. இடது காலைச் சாய்த்து நடக்கிற கிழவன் ஒருத்தன் வருவான், இந்துபாஷிணியைப் பார்க்க வேண்டும் என்பான். உள்ளே விட்டால் போதும். மண்ணாங்கட்டியை நானே கண்டுபிடித்துக்கொள்வேன்.